பதிவேட்டில் பெயர் ஏறிய பிராசஸர்

பெரிய காஞ்சிபுரம்,
தை 5.

அன்புள்ள வீரபத்திரனுக்கு,

அப்பாதுரை எழுதிக்கொள்வது. புனேவில் குளிர் கடுமை என்று செய்தியில் பார்த்தேன். காலையில் நடக்கப் போகும்போது காதைக் கட்டிக்கொள். முட்டிவலிக்கு நான் அனுப்பிய தைலம் வந்து சேர்ந்ததா?

இங்கே பொங்கல் அமர்க்களமாக நடந்தது. அதைச் சொல்வதற்கு முன் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். பொங்கலன்று உன் வீட்டைத் திறந்தேன். உன் கம்ப்யூட்டரையும் திறந்தேன். கேட்டுக்கொண்டு செய்யலாம் என்று ஏழு முறை போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. முழுவதையும் படித்துவிட்டு அப்புறம் திட்டு.

எதிர்வீட்டுத் துர்கா, பட்டுப்புடவைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவள், உனக்கு நினைவிருக்கும். பதின்மூன்று வருஷத்துக்கு முன் நீயும் நானும் ஒரே கடையில் ஒரே நாளில் ஒரே மாதிரி இரண்டு கம்ப்யூட்டர் வாங்கினோமே, அதில் என்னுடையதைத்தான் அவளுக்குக் கொடுத்திருந்தேன். இத்தனை நாள் அவள் போட்ட டிசைனெல்லாம் வேறு யார் யார் பெயரிலோதான் தறிக்குப் போயிற்று. இந்த மார்கழியில்தான் முதன்முறையாக ஒரு கல்யாண வீட்டார் நேராக அவளிடமே முகூர்த்தப் புடவைக்கு டிசைன் கேட்டார்கள். தை நான்காம் தேதி காலையில் தறிக்காரர் பாண்டியனிடம் அதைக் கொடுத்தாக வேண்டும். தவறினால் அந்தத் தறியில் வேறு புடவைக்கான பாவு நூல் ஏறிவிடும். புடவையும் வேறு கைக்குப் போய்விடும்.

டிசைனோ பெரிது. பார்டரில் அன்னப்பட்சியை வரிசையாக நிறுத்தப் போனால் ஐந்தாவது பட்சியிலேயே திரை உறைந்துவிடும். பழுது பார்ப்பவர் வந்து மதர்போர்டையே மாற்றச் சொன்னார். ஆனால் டிசைன் மென்பொருளின் உரிமம் அந்த ஒரு போர்டோடு கட்டப்பட்டது. போர்டு மாறினால் புது உரிமம் வர இரண்டு வாரம் ஆகும். போர்டு இருக்கட்டும், பிராசஸரை மட்டும் வலுவானதாக மாற்றுவோம் என்று நான்தான் முன்னால் நின்றேன்.

அவசரப்படவில்லை. போர்டிலேயே அச்சிட்டிருக்கும் மாடல் எண்ணைப் பார்த்து எழுதிக்கொண்டு, தயாரித்தவர்களின் இணையதளத்தில் எந்தெந்தப் பிராசஸர் பொருந்தும் என்ற பட்டியலை எடுத்தேன். நம் போர்டில் பிராசஸர் உட்காரும் சாக்கெட் 1155. சென்னைக் கடைக்காரர் நான்காம் தலைமுறை ஐ-செவனைக் கையில் திணிக்கப் பார்த்தார். அது 1150, பார்க்க இரட்டைப் பிள்ளைபோல இருக்கும், ஆனால் உட்காராது. மூன்றாம் தலைமுறைதான் வேண்டும் என்று நின்று வாங்கிவந்தேன். வாட்ஸ் கணக்கும் பார்த்தேன். பட்டியலில் கடைசியாக இன்னொரு கட்டம் இருந்தது. அதை மட்டும் படிக்கவில்லை. கேள்வியை முழுக்கப் படித்துவிட்டுப் பதில் எழுது என்று முப்பத்துநான்கு வருஷம் பிள்ளைகளிடம் கத்தியவன் நான்!

போகிக்கு முதல்நாள் மாலை பழைய பிராசஸரைக் கழற்றிக் காகிதத்தில் மடித்துவைத்துவிட்டுப் புதியதைப் பொருத்தினேன். சுவிட்சைப் போடப் போனால் துர்காவின் மாமியார் ஜெயம்மாள் கையைப் பிடித்துவிட்டார். "இப்ப நேரம் செரியில்ல வாத்தியாரே. காலைல நல்ல நேரத்துல போடலாம், எங்க ஓடிப்போவுது?" என்றார். சரி என்று வந்துவிட்டேன்.

காலையில் நல்ல நேரத்தில் சுவிட்சைப் போட்டோம். விசிறி சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது. அப்போதுதான் அந்தக் கடைசிக் கட்டத்தைப் படித்தேன். கம்ப்யூட்டரை எழுப்பிவிடும் பயாஸ் என்ற நிரல் எந்தப் பதிப்பாக இருக்க வேண்டும் என்று அதில் போட்டிருந்தது. உனக்குப் புரியும்படி சொல்கிறேன். வகுப்பில் பெஞ்சு காலி, புதுப் பையனும் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டான். ஆனால் வருகைப் பதிவேட்டில் அவன் பெயர் இல்லை. வாத்தியார் எப்படிக் கூப்பிடுவார்? பயாஸ்தான் அந்தப் பதிவேடு. பெயரை ஏற்றலாம், ஆனால் எங்கள் போர்டில் அதைச் செய்ய ஏற்கெனவே பெயர் உள்ள பழைய பையன் வகுப்பில் இருந்தாக வேண்டும்.

பழைய பிராசஸர் எங்கே என்று கேட்டேன். ஜெயம்மாள் வெகு நிம்மதியாகச் சொன்னார்: "அந்தப் பொட்டலமா? விடியக்காலைல கிழிஞ்ச பாயோட, தொடப்பத்தோட சேத்துக் கொளுத்திட்டேன். போகி அன்னிக்குப் பழச ஊட்ல வச்சிக்கினு இருப்பாங்களா?"

துர்கா முந்தானையால் கீபோர்டைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். சென்னையில் கடை திறக்கப் பொங்கலெல்லாம் முடிய வேண்டும். நான் நாலு ஊருக்குப் போன் செய்து ஓய்ந்தபோது மாலை ஆகிவிட்டது. அப்போதுதான் அவள் கேட்டாள். "சார், தறியில பாவு முடியறப்ப பழைய பாவு நுனியோடதான புது இழைய ஒண்ணொண்ணா முறுக்குவோம்? நுனி போச்சுன்னா, அதே எண்ணிக்கை இழை இருக்குற வேற பழைய நுனியக் கொண்டாந்து கட்டிக்கினு ஓட்டுவாங்க. இதுக்கு அந்த மாரி ஒரு பழசு கெடைக்காதா?"

ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கிய இன்னொன்று! முதலில் எனக்கல்லவா தோன்றியிருக்க வேண்டும்? உன் வீட்டுச் சாவி என் அலமாரியில்தான் இருக்கிறது. ஆனாலும் இரவெல்லாம் யோசித்தேன். உன் அலமு கண்ணை மூடிய இந்த மூன்று வருஷமாக அந்த அறைக்குள் யாரும் போகக் கூடாது என்பது நீ சொன்ன ஒரே வார்த்தை.

பொங்கலன்று காலையில் போனேன். மானிட்டர் மேல் அலமு பூத்தையல் போட்ட உறை அப்படியே இருந்தது. அதை மடித்துத் துர்காவின் கையில் கொடுத்தேன். வேலை முடியும்வரை அவள் அதைக் கீழே வைக்கவில்லை. உன் பிராசஸரை மட்டும் எடுத்தேன். ஹார்ட் டிஸ்கைத் தொடவே இல்லை. அதில் இருப்பதெல்லாம் பத்திரம்.

துர்காவின் போர்டில் அதைப் பொருத்தியதும் திரை விழித்துக்கொண்டது. பென் டிரைவில் புதுப் பயாஸை ஏற்ற ஆரம்பித்தேன். அந்த நாலு நிமிஷம் கரண்ட் போனால் போர்டே செத்தது. ஜெயம்மாள் மீட்டர் பெட்டி அருகில் நின்று, "தாயே காமாட்சி, ஒரு நாலு நிமிசம் பாத்துக்கோமா" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். ஏறியது! உன்னுடையதைக் கழற்றிவிட்டுப் புதியதைப் போட்டேன். திரையில் ஐ-செவன் என்று அதன் பெயர் வந்து நின்றது பார், அடுப்பில் பானை பொங்குவதற்கு முன்னாலேயே ஜெயம்மாள் கம்ப்யூட்டரைப் பார்த்து "பொங்கலோ பொங்கல்!" என்று கூவிவிட்டார். தெருவே எட்டிப் பார்த்தது. "கொளுத்துனது நானு, குளுரவச்சது காமாட்சி. வாத்தியார் சும்மா ஸ்குரூதான் திருப்புனாரு" என்று இன்னும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அன்னப்பட்சிகள் நூற்றிருபதும் மூச்சுத் திணறாமல் வரிசையில் நின்றன. நேற்றுக் காலை எட்டரைக்குத் துர்கா டிசைனைக் கொடுத்தாள். பாண்டியன் தன் நோட்டில் டிசைன் போட்டவர் என்ற இடத்தில் கல்யாண வீட்டார் பெயரை எழுதப் போனாராம். "என் பேர எழுதுண்ணா" என்று நின்று எழுதவைத்துவிட்டு வந்திருக்கிறாள். இன்று தறி ஓடுகிறது.

உன் பிராசஸரை நேற்று மாலையே சூடு கடத்தும் புதுப் பேஸ்ட் தடவி அதன் இடத்தில் வைத்துவிட்டேன். சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு முறை இயக்கினேன். போர்டின் சின்ன பேட்டரி தீர்ந்துபோய் தேதி, நேரம் எல்லாம் தொலைந்திருந்தது. பேட்டரியை மாற்றி அன்றைய தேதியைக் கொடுத்தேன். அலமு கோயில் குளத்தருகில் நின்று சிரிக்கிற படம் வந்தது. அதற்குக் கீழே கடவுச்சொல் கேட்டது.

அதற்கு மேல் நான் போகவில்லை. அது உனக்கு மட்டும்தான் தெரியும். அறையைப் பெருக்கி ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறேன். அந்த முகூர்த்தப் புடவைக்குரிய கல்யாணம் மாசியில்; துர்கா உன் பெயருக்கும் ஒரு பத்திரிகை வாங்கி வைத்திருக்கிறாள். உடம்பைப் பார்த்துக்கொள், நன்றாக இரு. ஆனால் அங்கேயே இருந்துவிடாதே, வீரபத்திரா. ஒரு முறை வந்து அந்தச் சொல்லை நீயே அடி.

உன் கோபத்தையும் ஏற்கக் காத்திருக்கும்,
அப்பாதுரை