மூடாத மேல்முனை

மார்ச் 3

ஏழாவது படம் மூன்றாம் முறையாகத் திரும்பி வந்துவிட்டது. செவிலியர் பாடநூலுக்காகக் கருவளர்ச்சிப் படங்கள் வரைகிறேன். பேராசிரியரின் சிவப்பு மையில் அதே வரி: "மேல்முனை மூடியிருக்கக் கூடாது."

எனக்குத் தெரியாதா? கருவின் முதுகுப் பக்கம் ஒரு தகடு மடிகிறது. மடிப்பின் விளிம்புகள் கழுத்தருகே முதலில் ஒட்டி, மேலும் கீழுமாக மூடிக்கொண்டே போய்க் குழாயாகின்றன. மேலே மூளை, கீழே தண்டுவடம். இந்தப் படத்தில் வர வேண்டிய இருபத்து நான்காம் நாளில் இரண்டு முனையும் திறந்துதான் இருக்கும். எல்லாம் படித்துத்தான் வரைகிறேன். கைதான் கேட்க மாட்டேன் என்கிறது. மூடிவிடுகிறது.

மார்ச் 4

வரையவில்லை.

மார்ச் 6

நாத்தனார் வந்திருந்தாள். மேஜையில் படத்தைப் பார்த்துவிட்டு, "இதை ஏன் அண்ணி ஒத்துக்கிட்டீங்க? வேற வேலையே கிடைக்கலையா?" என்றாள். அக்கறைதான். அடுத்த மூச்சில், "அப்பவே அந்த ஃபோலிக் மாத்திரையை ஒழுங்கா போட்டிருந்தா..." பாதியில் நிறுத்தினாள். நிறுத்தி என்ன பிரயோசனம்?

போட்டேன்டி. நாள் தள்ளிப்போய், பரிசோதனை செய்து, தெரிந்த அன்றே போட்டேன். மூட வேண்டியது அதற்குள் மூடியிருக்க வேண்டும். மூடவில்லை. ஐந்தாம் மாத ஸ்கேனில் டாக்டர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். பிள்ளைக்கு மூளை வளரவே இல்லை.

இவர் பாத்திரம் தேய்த்துக்கொண்டே இருந்தார். தங்கையிடம் ஒரு வார்த்தை? ம்ஹும்.

மார்ச் 9

அச்சுப்படி வந்தது. படத்தின் கீழே: "தாய் ஃபோலிக் அமில மாத்திரை எடுத்துக்கொள்ளாததால் நரம்புக்குழாய் மூடாமல் போகிறது."

உடனே போன் போட்டேன். "சார், காரணம் பலது இருக்கே. மாத்திரை போட்டும் சிலருக்கு வருது."

"பரீட்சை எழுதற பிள்ளைங்களுக்கு ஒரு வரி போதும்மா. படம் உங்க வேலை, எழுத்து என் வேலை."

வைத்துவிட்டார். இதைப் படித்த பெண் நாளை வார்டில் நிற்பாள். என்னைப் போல் ஒருத்தியிடம் என்ன சொல்வாள்?

மார்ச் 10

இவரிடம் புலம்பினேன். "உன் படம் தப்புன்னு ஒத்துக்காம, அவர் எழுதினது தப்புன்னு எப்படிச் சொல்லுவே?" என்கிறார். சுர்ரென்று ஏறியது. சொன்னது சரி. அதனால்தான் இன்னும் எரிகிறது.

மார்ச் 11

வரைந்துவிட்டேன். திறந்தபடியே.

மார்ச் 12

நேரிலேயே கொண்டுபோனேன். "இதான்மா வேணும்" என்றார். நின்றபடியே சொன்னேன்: "சார், என் குழந்தைக்கு இது மூடவே இல்லை. நான் மாத்திரை போட்டவதான்."

கண்ணாடியைக் கழற்றினார். உட்காரச் சொல்லக்கூட அவருக்குத் தோன்றவில்லை. கிளம்பி வந்துவிட்டேன். ஒரு வரியை மாற்ற இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறதே — வழியெல்லாம் ஆத்திரம்.

மார்ச் 19

புது அச்சுப்படி. "காரணங்கள் பல. தாய் கருவுற்றதை அறியும் முன்பே பெரும்பாலும் இது நடந்துவிடுகிறது. கருத்தரிக்கும் முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் எடுத்துக்கொண்டால் இதற்கான வாய்ப்பு குறையும்."

ஓரத்தில் பென்சிலில்: "'தாயைக் குறை சொல்லக் கூடாது' என்று சேர்க்கலாமா? நீங்களே சொல்லுங்கள்."

சேர்க்கலாம் என்று எழுதினேன். 'கூடாது' என்ற சொல்லுக்குக் கீழே அழுத்தி ஒரு கோடும் போட்டேன்.

மத்தியானம் எட்டாவது படம். காது. பாதி வந்திருக்கிறது.