தென்னேரியின் ஐந்து மணித் தண்ணீர்

மழை விட்டதும் புத்தகங்களை மொட்டைமாடிக்கு எடுத்துப்போய் வெயில் காட்டினேன். இரண்டு நாவல்களுக்கு நடுவே நீல அட்டை போட்ட நம் குறிப்பேடு அகப்பட்டது. திறந்தால் ஒரு பக்கத்தில் மீன் செதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நகத்தால் பெயர்த்துப் பார்த்தேன், வரவில்லை. தாளில் பாசி வாடை இன்னும் லேசாக இருக்கிறது. நீ போய் மூன்று வருஷம் ஆகிறது. நான் தனியாக உட்கார்ந்து, உன் கையெழுத்தைப் படித்து, சத்தம் போட்டுச் சிரித்தேன். பக்கத்து மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அக்கா, "இன்னாமா, கதை புக்கா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். உன்னைப் பற்றி யாரிடமும் பேசும் பழக்கம் எனக்கு இன்னும் வரவில்லை.

'நிறம்' என்று தலைப்பிட்ட கட்டத்தைப் பார்த்துத்தான் சிரித்தேன். ஏனாத்தூரில் நாம் முதுகலை படித்த கடைசி வருஷம், தென்னேரி ஏரித் தண்ணீரில் எவ்வளவு ஆக்சிஜன் கரைந்திருக்கிறது என்று அளப்பது நம் வேலை. கரையிலேயே கண்ணாடிப் புட்டியில் தண்ணீரைப் பிடித்து, இரண்டு மருந்துகளை விட்டு மூடினால், உள்ளே பஞ்சுபோல ஒன்று திரண்டு மெல்ல இறங்கும். ஆக்சிஜன் இருந்தால் அது பழுப்பாகும். இல்லையென்றால் வெள்ளையாகவே நின்றுவிடும். நான் 'பழுப்பு', 'வெளிர்பழுப்பு' என்று எழுதுவேன். நீ பட்டுநூலுக்குச் சாயம் போடும் வீட்டில் பிறந்தவள். 'காபிப்பொடி கலர், ரெண்டு முக்கு' என்று எழுதுவாய், நூலைச் சாயத்தில் இரண்டு தடவை முக்கி எடுத்த அளவுக்கு என்று அர்த்தம். இன்னொரு நாள் 'வெங்காயத்தோல்'. நமக்கு வழிகாட்டிய மேடம் அதைப் பார்த்துவிட்டு, "இது ஆராய்ச்சியா, ஜவுளிக்கடையா?" என்று கேட்டார்.

நீ அசரவே இல்லை. "மேடம், வெளிர்பழுப்புன்னா ஆளுக்கு ஒரு பழுப்பு தெரியும். வெங்காயத்தோலுன்னா எங்க தெருல எல்லாருக்கும் ஒண்ணுதான்."

மேடம் அந்தச் சொல்லை அடிக்கவில்லை, சிவப்புப் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

ஆறு மாதம் அப்படி அளந்தோம். காஞ்சிபுரத்தில் பஸ் ஏறி, வாலாஜாபாத்தில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து ஏரிக்குப் போய்ச் சேர எப்போதும் பதினொன்றரை ஆகிவிடும். எப்போது அளந்தாலும் ஆக்சிஜன் தாராளமாக இருந்தது. அங்கே மீன் பிடிக்கும் முனுசாமி அண்ணன் மட்டும் நம்மைப் பார்த்தால் ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பார். வாய்க்கால் வழியாகக் கழிவுநீர் வருகிறது, மீன் சாகிறது, வாய்க்காலைத் திருப்பிவிட வேண்டும் என்று மனுக் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். அந்த மனுவுக்காகத்தான் ஏரித் தண்ணீரை அளந்து சொல்லும்படி அதிகாரிகள் நம் கல்லூரியிடம் கேட்டிருந்தார்கள்.

"நீங்க சாப்ட்டு, சடை பின்னிக்கினு வர நேரத்துக்கு ஏரியும் முழிச்சிக்கினு தெம்பா இருக்குது," என்பார். "விடிகாலைல வந்து பாருங்கமா. அப்ப தெரியும் அதும் லட்சணம்."

நாம் சிரித்துவிட்டுப் புட்டியை மூடுவோம்.

ஆய்வேட்டைத் திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். 'ஏரியின் நிலை திருப்திகரம்' என்று முடிவுரை எழுதியாகிவிட்டது. எனக்குச் சென்னையில் ஓர் ஆய்வகத்தில் வேலை பேசி வைத்திருந்தார்கள். திங்கட்கிழமை கொடுத்தால்தான் அதில் சேர முடியும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நீ என்னிடம், "அந்த அண்ணன் சொன்னது மண்டைய கொடையுதுடி," என்றாய். "நாளைக்கு ஒரு நாள் காலைல போய் பாத்துட்டு வந்துடலாம்."

"இப்ப போயா? பைண்டிங்குக்கு குடுக்கணும்டி."

"ஒண்ணும் இல்லன்னா இட்லி சாப்ட்டு வந்துடலாம், வா."

மறுநாள் விடிகாலை நாலு மணிக்கு உன் அம்மாவின் ஸ்கூட்டியில் கிளம்பினோம். புட்டிப் பெட்டியை நம் இருவருக்கும் நடுவில் வைத்து, விழாமல் நான் கட்டிப்பிடித்துக்கொண்டேன். பள்ளத்தில் வண்டி குதிக்கும்போதெல்லாம் புட்டிகள் கிணுகிணுக்க, நீ ஒவ்வொரு முறையும் "சாரி, சாரி" என்று புட்டிகளிடம் மன்னிப்புக் கேட்டாய்.

ஐந்து மணிக்குக் கரையில் நின்றபோது ஏரியில் மழை பெய்வதுபோல இருந்தது. நம் மேல் ஒரு துளி விழவில்லை. தண்ணீர் முழுக்கச் சின்னச் சின்ன வளையங்கள். கொஞ்சம் வெளிச்சம் வந்த பிறகுதான் தெரிந்தது, அத்தனையும் மீன் வாய்கள். மூச்சு கிடைக்காமல் மேலே வந்து நின்றன.

புட்டியில் திரண்டது வெள்ளையாகவே இறங்கியது. மருந்து கெட்டுப்போயிருக்கும் என்றேன். நீ நாம் குடிக்கக் கொண்டுவந்த தண்ணீரை நன்றாகக் குலுக்கி, இன்னொரு புட்டியில் ஊற்றி, அதே மருந்தை விட்டாய். அது உடனே பழுப்பானது. பிறகு ஏரித் தண்ணீரை மறுபடி எடுத்தாய். மறுபடியும் வெள்ளை. நிறக் கட்டத்தில் 'தேங்காய்ப்பால்' என்று எழுதினாய். அன்றைக்கு நான் அதற்குச் சிரிக்கவில்லை.

பகலில் பாசி வெயிலை வாங்கிக்கொண்டு ஆக்சிஜனை வெளியே விடும். இரவெல்லாம் அதே பாசியும் அடிச்சேறும் அதைத் தின்று தீர்க்கும். கழிவுநீர் சேரச் சேரப் பாசி பெருகும், பகல் இன்னும் நன்றாகத் தெரியும், விடியல் இன்னும் மோசமாகும். இந்தக் கேள்விக்கு நாம் இருவருமே தேர்வில் முழு மதிப்பெண் வாங்கியவர்கள். ஆனால் பஸ் வரும் நேரத்துக்கு ஏரியைப் பார்த்துவிட்டு, அதுதான் ஏரி என்று நம்பியிருந்தோம்.

"கடைசியா ஒரு வரி சேத்துடலாம்," என்றேன். "விடியற்காலையில் சற்றுக் குறையக்கூடும்னு."

"அந்த ஒரு வரிய எவன்டி படிப்பான்? திருப்திகரம்னு இருக்கறத படிச்சிட்டு மனுவ தூக்கி போட்டுடுவாங்க." புட்டியைத் துடைத்துப் பெட்டியில் வைத்தாய். "உன் வேலைய நான் கெடுக்கறேன்னு தெரியுது. திட்டிக்கோ. ஆனா மேடம்கிட்ட சொல்லத்தான் போறேன்."

நான் திட்டவில்லை. அதைவிட மோசமாக, காஞ்சிபுரம் வரும்வரை ஒரு வார்த்தை பேசாமல் வந்தேன்.

மேடத்தின் அறையில் நீ சுற்றி வளைக்கவில்லை. "மேடம், நாங்க தப்பா அளந்துட்டோம்," என்றாய்.

"எத்தனை மாசமா?"

"ஆறு மாசமும், மேடம்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டார், மறுபடி கழற்றினார். "ஏரி உங்க பஸ்ஸுக்கு காத்துக்கினு இருக்குமா? போங்க. ரெண்டு வாரம் டைம். நானும் எத்தன மணின்னு கேக்கல, அது என் தப்பு."

சென்னை வேலை போனது. வீட்டில் நான் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு வந்த இரண்டு வாரங்களைப் போல இன்னொன்று என் வாழ்க்கையில் வரவில்லை. தினமும் விடியலில் நாம் ஏரியில் இருந்தோம். முனுசாமி அண்ணன் தன் படகில் நம்மை நடு ஏரிக்குக் கூட்டிப்போனார். அவர் மனைவி ஏழு மணிக்கே மீன்குழம்பும் இட்லியும் கொண்டுவந்து, "ஏரிக்கு ஜுரம் பாக்குற டாக்டரம்மாங்க" என்று நம்மைக் கூப்பிட்டார். ஒருநாள் நீ சேற்றில் முழங்கால்வரை புதைந்து, மேலே வந்தபோது செருப்பு வரவில்லை. "பட்டுக்கார வூட்டு பொண்ணு ஏரிக்கு செருப்பு சீர் வெச்சிட்டுதுபா!" என்று அண்ணன் கரையில் இருந்த எல்லாருக்கும் கேட்கும்படிக் கத்தினார். நீ மிச்சமிருந்த ஒற்றைச் செருப்பையும் கழற்றி, "ஜோடியா வெச்சிக்கோ," என்று தண்ணீருக்குள் எறிந்துவிட்டு, வெறுங்காலோடு வீட்டுக்கு வந்தாய். உன்மேல் எனக்கிருந்த கோபம் அன்றைக்கு முழுதாகப் போய்விட்டது. அதை உன்னிடம் சொன்னேனா என்று நினைவில்லை.

புதிய எண்களோடு மனு போனது. அடுத்த மழைக்கு முன்னால் வாய்க்காலைத் திருப்பிவிட்டார்கள். மறு கோடையில் முனுசாமி அண்ணன் விடிந்ததும் விடியாததுமாக உனக்குப் போன் செய்து, "மீனு ஒண்ணும் மேல வரலமா, நல்லா தூங்குது. நீயும் தூங்கு!" என்றாராம். சிரித்துச் சிரித்து உன்னால் அதை எனக்கு ஒழுங்காகச் சொல்லக்கூட முடியவில்லை. அந்த வருஷம் முடிவதற்குள் உனக்குக் காய்ச்சல் வந்தது. அதைப் பற்றி எழுத இந்தக் கடிதத்தில் எனக்கு விருப்பமில்லை.

நான் இங்கேயே ஒரு சின்ன ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். போன வாரம் வெள்ளிக்கிழமை செய்யாற்றின் ஒரு துறையில் எடுத்த தண்ணீருக்கு எல்லா எண்களும் நன்றாக வந்தன. கையெழுத்துப் போட்டு அனுப்பியும் விட்டேன். நேற்று வேறொரு வேலையாக அந்தப் பக்கம் போனபோது, துணி துவைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா, "தண்ணி புடிக்க எல்லாரும் வெள்ளிக்கெழமையே வர்றீங்க. ஞாயித்துக்கெழம வந்து பாருமா, நுரை கட்டிக்கினு வரும்," என்றார்.

ஆய்வகத்துக்குத் திரும்பி, நேராக மேலாளரிடம் போனேன். "சார், நான் தப்பா அளந்திருக்கலாம். அந்த ரிப்போர்ட்ட திரும்ப வாங்கணும்."

"கையெழுத்து போட்டாச்சேமா. யாராவது கேட்டாங்களா?"

"இல்ல சார். நான்தான் சொல்றேன்."

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். என்ன முடிவெடுப்பார் என்று தெரியாது. யாரும் கேட்பதற்கு முன்னால் தன் தப்பைச் சொல்லும் தைரியம் என் சுபாவத்தில் இருந்ததில்லை, அது உன்னுடையது. ஆனால் நேற்று அந்த வார்த்தைகள் என் குரலில் வந்தன. படியிறங்கும்போது எனக்கு வெட்கமாக இல்லை. நல்ல பசி எடுத்தது.

நாளை ஞாயிற்றுக்கிழமை. ஆற்றுக்குப் போகிறேன்.