யாரும் உங்களை முந்தி நடக்கவில்லை

அக்காவைக் கொன்றது நீங்கள்தான், அப்பா. ஊர் அதைப் பேறுகாலச் சாவு என்கிறது, விதி என்கிறது. நான் உங்களைச் சொல்கிறேன்.

இன்று காலை சித்தப்பாவும் ஊர்ப் பெரியவர்களும் உங்கள் தடியைக் கொண்டுவந்து என் வாசலில் சாத்தினார்கள். பித்தளைப் பூண் போட்ட அதே தடி. நீங்கள் தேய்த்துக்கொண்ட விளக்கெண்ணெய் இன்னும் அதன் பிடியில் நாறுகிறது. "இனி நீதான் சாமி முன்னால நடக்கோணும்" என்றார் சித்தப்பா. அதைத் தொடாமல் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டரை முந்தி யாரும் நடக்கக் கூடாது என்பது நம் ஊர்க் கட்டு. திருவிழாவானாலும் சாவானாலும் தடி பிடித்தவர் முன்னால், மற்றவர்கள் பின்னால். சின்ன வயதில் ஒருநாள் சந்தைக்குப் போகும் குஷியில் உங்களைத் தாண்டி ஓடினேன். இந்தத் தடியால்தான் கெண்டைக்காலில் போட்டீர்கள். "வழி எனக்குத் தெரியும். உனக்கு என் முதுகு தெரிஞ்சாப் போதும்" என்றீர்கள். சுற்றி நின்றவர்கள் மெச்சிச் சிரித்தார்கள்.

பிறகு ஒரு சாமை அறுப்பின்போது களத்தில் மயங்கி விழுந்தீர்கள். எழுந்தபோது இடது கால் இழுத்தது, இடது கை தொங்கியது. "ஒண்ணுமில்ல, வெயிலு" என்றீர்கள். அன்றுமுதல் தட்டில் வலப்பாதிச் சோற்றை மட்டும் தின்றுவிட்டு, "இவ்வளவுதானா? வயிறு காயுது" என்று அம்மாவை ஏசினீர்கள். இடப்பாதி அப்படியே கிடக்கும். அம்மா தட்டைத் திருப்பி வைப்பாள். முகத்தில் ஒரு பக்கம் மட்டும் மழித்துக்கொண்டு நியாயம் சொல்ல உட்கார்ந்தீர்கள். "கவுண்டரு பாதி மாப்பிள்ளையாட்டம் வந்திருக்காரு" என்று சுனையடியில் பெண்கள் சிரித்தார்கள். எதிரே வந்தால் கும்பிட்டார்கள்.

நான் உங்கள் இடது கையைத் தூக்கிக் காட்டினேன். "இந்தக் கை வரலீங்களே அப்பா?"

"அது என் கையில்லடா. உன் மச்சான் கை. எடுத்துட்டுப் போகச் சொல்லு."

நீங்கள் பொய் சொல்லவில்லை. அப்படியே நம்பினீர்கள். அக்காவின் புருஷன் பக்கத்தில் நின்று, "சரிங்க மாமா, எடுத்துக்கறனுங்க" என்றான். அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும், அவன் எதற்கும் தலையாட்டுவான் என்று.

அக்காவுக்கு வலி கண்டபோது பிள்ளை குறுக்கே கிடந்தது. மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். மலைக்குக் கீழே சேந்தமங்கலத்து ஆஸ்பத்திரிக்கு இறக்குவது ஒன்றுதான் வழி. விடிந்ததும் கம்பில் போர்வையைத் தூளியாகக் கட்டி அவளைக் கிடத்தினோம். முன்கம்பு என் தோளில், பின்கம்பு மச்சான் தோளில். நீங்கள் தடியை எடுத்தீர்கள்.

"நீங்க ஊட்லயே இருங்கப்பா."

"எனக்கென்னடா கேடு?"

காலை இழுத்து இழுத்து நீங்கள் நடந்தீர்கள். அந்த வேகத்தில்தான் அவளும் போக வேண்டியிருந்தது. பெரிய பலாமரத்தருகே வழி பிரிகிறது. இடப்பக்கம் சேந்தமங்கலத்துக்கு இறங்கும். வலப்பக்கம் தேன் எடுக்கப் போகிறவர்களின் தடம், மேலேறிப் பாறையில் முடியும். நீங்கள் வலப்பக்கம் திரும்பினீர்கள்.

"இடப்பக்கமுங்கப்பா!"

"அங்க ஏதுடா வழி?"

பின்னால் வந்த ஊர்க்காரர்கள் எல்லாருக்கும் வழி தெரியும். மிளகு மூட்டை சுமந்து இறங்குகிற வழிதான். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் கம்பை இடப்பக்கம் திருப்பினேன். மச்சான் தன் முனையை விடவில்லை. "மாமனை முந்தறதா? ஊரு காறித் துப்பும்டா" என்றான். தூளிக்குள்ளிருந்து அக்கா அவனைக் கேட்டாள்: "ஏனுங்க, ஏத்தமாத் தெரியுதே, நாம எறங்கலீங்களா?"

பாறையில் தடம் அற்றுப்போனபோதுதான் நின்றீர்கள். "எவனோ வழியை மாத்திட்டான்" என்றீர்கள். திரும்பி நடந்து, சரியான வழியில் இறங்கி, அடிவாரம் கண்ணில் பட்டபோது தூளியில் முனகல் நின்றிருந்தது.

ஆஸ்பத்திரி டாக்டர் அவளைப் பார்த்துவிட்டு உங்களைப் பார்த்தார். உங்கள் இடப்பக்கம் நின்று கூப்பிட்டார், நீங்கள் திரும்பவில்லை. என்னைத் தனியே அழைத்தார். "மூளையில ஒரு பக்கம் கெட்டிருக்குது தம்பி. அவருக்கு எடப்பக்கம்னு ஒண்ணு இருக்கிறதே தெரியாது. தெரியலைங்கிறதும் தெரியாது. அதுவும் அந்த வியாதியில சேர்ந்ததுதான்."

சரி. வியாதி உங்கள் குற்றமல்ல. வழி தெரியாமல் போனதும் உங்கள் குற்றமல்ல. ஆனால் "உனக்குத் தெரியவில்லை" என்று சொல்ல ஊரில் ஒரு வாய்கூட மிஞ்சாமல் அடித்து வைத்தீர்களே, அப்போது உங்கள் மூளை நன்றாகத்தான் இருந்தது. கீழே ஊர்களில் வெள்ளைக்காரனைப் பார்த்து வெளியே போ என்று கத்துகிறார்களாம். இங்கே பெற்ற மகள் சாகக் கிடக்கும்போது, நொண்டி நடக்கிற ஒரு கிழவனைத் தாண்டிப் போக ஒருவனுக்கும் கால் எழவில்லை.

சாகிற நாள்வரை, திடமாக இருக்கிறேன் என்றுதான் சொன்னீர்கள். தலைமாட்டில் நின்றவர்கள் அதற்கும் ஆமாம் போட்டார்கள். கம்பு அழுத்திய இடம் என் தோளில் காய்த்துக் கிடக்கிறது. அக்காவின் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. இப்போது அதே தடியை என்னிடம் நீட்டுகிறார்கள், என் முதுகைப் பார்த்து நடப்பதற்கு.

எழுதியதை எடுத்துக்கொண்டு உங்களைப் புதைத்த மேட்டுக்கு வந்திருக்கிறேன். இடப்பக்கம்தான் நிற்கிறேன். திரும்புங்கள் அப்பா. ஒரே ஒருமுறை என் முகத்தைப் பார்த்து, "எனக்கு வழி தெரியலடா, நீ முன்னால போ" என்று சொல்லுங்கள்.