நீ நிறுத்திய பக்கம்

அன்பு மகளுக்கு,

புத்தகக் கம்பெனிக்காரர்களிடம் நான் போனில் கெஞ்சினேன் என்று உன் அண்ணி உன்னிடம் சொன்னாளாம். நான் கெஞ்சவில்லை, விளக்கம் கேட்டேன், இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கான்வென்ட்டில் கன்னியாஸ்திரிகள் எனக்குச் சொல்லிக்கொடுத்துத்தான் அனுப்பினார்கள். குரல் கம்மியிருந்ததற்குக் காரணம் ஜலதோஷம். மற்றபடி இங்கே எல்லாரும் சுகம், என் முட்டிவலி மட்டும் வாடகை தராத குடித்தனக்காரர்போல நகர மறுக்கிறது, நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன்.

நடந்தது இதுதான். நாம் இரண்டு பேரும் ஒரே சந்தாவில் டேப்லெட்டில் புத்தகம் படிக்கிறோமே, அந்தக் கம்பெனியிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. எங்கள் விசுவாசமான வாடிக்கையாளரே என்று ஆரம்பித்து, உங்களுக்கு மேலும் சிறப்பாகச் சேவை செய்யும் பொருட்டு என்று இழுத்து, இனிமேல் குடும்பச் சந்தா ஒரே வீட்டில் வசிப்பவர்களுக்கு மட்டும் என்று முடித்திருந்தார்கள். குடும்பம் என்ற சொல்லிலேயே எழுத்துப்பிழை. அவர்கள்தான் அதற்கு இலக்கணம் சொல்கிறார்கள். போனில் பேசிய பெண் மரியாதை தெரிந்தவள், உங்க பொண்ணு உங்க ஃபேமிலில வரமாட்டாங்க மேடம், சிஸ்டம் ஒத்துக்காது என்றாள். பெற்றவள் ஒத்துக்கொண்டால் போதாதா என்று கேட்டேன். உன் அம்மா எங்கே இருக்கிறார் என்றும் அவளைக் கேட்டேன், ஊர்ல மேடம் என்றாள், அப்படியானால் உன் கம்பெனிக் கணக்கில் நீயும் அநாதைதானம்மா என்றேன். அவள் குரலைத் தாழ்த்தி, இதை நிறுத்திட்டு வேற நம்பர்ல புதுசா சேருங்க மேடம், புது ஆளுங்களுக்குப் பாதி விலைதான் என்றாள். ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டி வந்தவளுக்கு முழு விலை, நேற்று வந்து வாசலில் நிற்பவருக்குப் பாதி, விசுவாசத்துக்கு அவர்கள் அகராதியில் பொருள் இதுதான் போலிருக்கிறது. இந்த வயதில் புதுமுகமாக வேஷம் கட்ட எனக்கு இஷ்டமில்லை. ஆளுக்கொரு சந்தா கட்ட அப்பாவின் குடும்ப ஓய்வூதியத்தில் இடமும் இல்லை, அந்தக் குடும்பத்தில் இருப்பதும் நான் ஒருத்திதான். நான் கட்டுகிறேன் என்று நீ ஆரம்பிக்காதே, உன் வீட்டு வாடகை எனக்குத் தெரியும்.

ஒரு புஸ்தகத்துக்கா இவ்ளோ அத்தை, தெருமுனைல லைப்ரரி இருக்கே என்று உன் அண்ணி கேட்கிறாள். இருக்கிறது, ஆனால் லைப்ரரிப் புத்தகம் நீ நிறுத்திய பக்கத்தில் திறக்காதே. ஒரே கணக்கு என்பதால் நீ எங்கே நிறுத்தினாயோ அங்கேதான் காலையில் என் புத்தகம் திறக்கிறது, என் பக்கத்தைத் தொலைத்துவிட்டாய் என்று உன்னை எத்தனை முறை திட்டியிருக்கிறேன். இரண்டு பக்கத்தோடு நின்றிருந்தால் அன்றைக்கு ஆபீஸில் உன்னைப் பிழிந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பாதிப் புத்தகம் ஓடியிருந்தால் தூக்கமில்லை, யாரிடமோ மனஸ்தாபம். துப்பறியும் கதை நேராகக் கடைசிப் பக்கத்தில் திறந்தால் நீ சௌக்கியம், அவசரப் புத்தி மாறவில்லை, கொலைகாரன் யார் என்று எனக்கும் தெரிந்து தொலைக்கும், போகட்டும். போன வாரம் முழுக்கப் புத்தகம் நகரவே இல்லை. கம்பெனி உன்னை வெளியே தள்ளிவிட்டதா, இல்லை உனக்குத்தான் உடம்புக்கு ஏதாவதா என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன், இரண்டு முறை கேட்டிருக்கலாம், அதைத்தான் உன் அண்ணி கெஞ்சல் என்கிறாள்.

போனில் கேட்டால் நல்லா இருக்கேன்மா என்பாய், அது பால்காரரிடம்கூடச் சொல்வது. சந்தாவை இந்த மாதத்தோடு நிறுத்தச் சொல்லிவிட்டேன். கடவுள் உன்னை ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும், கண்ணாடி போடாமல் படிக்காதே. எந்தப் பக்கத்தில் நிற்கிறாய், ஏன் அங்கேயே நிற்கிறாய் என்று உன் கைப்பட எழுதிப் பதில் போடு.

உன் அம்மா