மேடைக்குக் கீழே ஒரு அறை

பெப்ரவரி 3, திங்கள்

காலையில் தூறல். நான் வேலை செய்யும் கட்டிடக் கந்தோரில் கரண்ட் இல்லை, மத்தியானம்தான் வந்தது. ஆனாலும் கணனியில் கீறிய இலங்கைத்துறைப் பள்ளிக்கூடப் படம் முடிந்தது. பழையது ஷெல் விழுந்து போனது, இது புதிதாகக் கட்டப்போவது. வெள்ளைச் சுவர், தென்னை நிழல், கடல் பக்கம் திறந்த விறாந்தை. வெயிலையும் நிழலையும் கணனி மெதுமெதுவாகப் போட்டு முடிக்கும்வரை கதிரையை விட்டு எழும்பவில்லை.

நன்றாக வந்திருக்கிறது. எனக்கே எழுதுவதில் அடக்கம் எதற்கு.

எங்கள் இஞ்சினியர் ரவி அண்ணன் எட்டிப் பார்த்தார். "போட்டோ எடுத்ததோ நளினி?"

"இன்னும் கட்டவே இல்லையே அண்ணன்."

வாங்க: சவர்க்காரம், பிரிண்டர் மை, அம்மாவுக்குக் கண்மருந்து.

பெப்ரவரி 5, புதன்

மூதூருக்கு லோஞ்ச் படகு, பிறகு பஸ், கடைசியில் உழவு இயந்திரப் பெட்டி. இடுப்பு முறிந்துவிட்டது.

ஓலைக் கொட்டிலில்தான் இப்போது வகுப்புகள். தாய்மார் எல்லாரும் வந்திருந்தார்கள். படத்தை விரித்ததும் ஒரே சிரிப்பும் கதையும். "கடல் கூடத் தெரியுது பாருங்கோ." சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

செல்வராணி அக்கா மட்டும் படத்தை மூலைக்கு மூலை தேடிப் பார்த்தார். மூத்த மகனைப் பழைய பள்ளிக்கூடத்தில் பறிகொடுத்தவர். சின்னவள் இப்போது இரண்டாம் வகுப்பு.

"பங்கர் எங்க?" என்றார்.

ரவி அண்ணன்: "இப்ப சமாதானம்தானே அக்கா."

"போன முறையும் சமாதானம் எண்டுதான் பிள்ளையப் பள்ளிக்கு விட்டனான்."

படத்தைச் சுருட்டிக்கொண்டு திரும்பினோம்.

பெப்ரவரி 6, வியாழன்

வெயில். முதலில் கோபம்: அவ்வளவு பாடுபட்ட படத்தில் இல்லாததைத்தான் கேட்க வேண்டுமா? தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் படத்தைத் திரும்பப் பார்த்தேன். அவர் கேட்டது சரி. ஓடி ஒளிய ஓர் இடம் இல்லாத பள்ளிக்கூடத்தை அழகாக வரைந்திருக்கிறேன்.

ரவி அண்ணன்: "காசு தாறவை பங்கருக்குத் தர மாட்டினம்."

"மேடைக்குத் தருவினம்தானே?" என்றேன்.

கடற்கரை மண், ஆழமாகத் தோண்ட ஏலாது, தண்ணீர் வந்துவிடும். ஆகவே அறை பாதி நிலத்துக்குள், பாதி மேலே. அதன் கொங்கிறீட் கூரைத் தட்டுத்தான் மேடை. தடித்த சுவர், இரண்டு வாசல். சண்டை இல்லாத நாளில் நூலகம்.

அண்ணன் கம்பி எவ்வளவு கனம் என்று கேட்கத் தொடங்கினார். அப்போதே வென்றுவிட்டேன்.

பெப்ரவரி 11, செவ்வாய்

கொழும்பில் காசு தருகிறவர்களிடமிருந்து சம்மதம் வந்தது. மேடை மிக அழகாம். கீழே உள்ள அறையைப் பற்றியும் அண்ணன் மறைக்காமல் எழுதியிருந்தார். அதற்கு ஒரு கேள்வியும் இல்லை.

மீன் மலிவு. சூரை வாங்கினேன்.

பெப்ரவரி 13, வியாழன்

அண்ணனோடு போகும்போது, படகு ஏறும் ஜெட்டியில் சோதனை. கடற்படைக்காரர் ஒருவர் படத்தை விரித்தார். விரல் நேராக அந்த அறைக்குப் போனது.

"இது என்ன, கீழ?"

"நூலகம்."

"நிலத்துக்குள்ளயா?"

"பிள்ளையளுக்கு. பிரச்சினை வந்தா உள்ளுக்கு இருக்கலாம்."

சண்டைக்குக் கட்டுகிற பங்கர் என்று நினைத்துவிடுவாரோ என்ற பயத்தில் பொய் சொல்லலாம் என்றுதான் வாய் திறந்தேன், உண்மை வந்துவிட்டது. அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்கள் கீறினதா?"

"ஓம்."

மடிக்காமல் பக்குவமாகச் சுருட்டித் தந்தார். வாங்கிக்கொண்டு லோஞ்சில் ஏறினேன்.

இலங்கைத்துறையில் படத்தைச் செல்வராணி அக்காவிடம் கொடுத்தேன். வாசல்களை விரலால் தொட்டுப் பார்த்தார். "படத்தில வடிவாத்தான் இருக்கு. சின்னன் சின்னனுகள் ஓடி வர நேரம் காணுமோ?"

அதைக் கணனியில் கண்டுபிடிக்க ஏலாது. சுண்ணாம்புத்தூள் கேட்டு வாங்கி, மண்ணிலேயே பள்ளிக்கூடத்தைக் கீறினேன். வகுப்புகள், விறாந்தை, மேடை, வாசல்கள். பிள்ளைகளை அவரவர் வகுப்புக்குள் இருத்தினோம். அண்ணன் கை தட்டியதும் ஓடினார்கள். முதலாம் வகுப்பு, விறாந்தைத் தூணுக்குக் கீறிய வட்டத்தில் நெருக்குப்பட்டுப் பிந்தியது. அந்த வகுப்பை அழித்து, வாசலுக்குப் பக்கத்தில் கீறினேன். திரும்ப ஓடினார்கள். இம்முறை எல்லாரும் உள்ளே. சிரிப்புத் தாங்கவில்லை அவர்களுக்கு. தாய்மாரும் சிரித்தார்கள்.

செல்வராணி அக்கா சிரிக்கவில்லை. கோட்டின் ஓரத்தில் நின்று தலைகளை எண்ணினார்.

"இன்னொருக்கா ஓடுங்கோ," என்றார்.