மாத்திரை போதும் என்ற டாக்டர்

அன்புள்ள வாண்டுவுக்கு,

நானும் அம்மாவும் இங்கே நலம். நீ நலமா என்று வழக்கத்துக்காகக் கேட்கவில்லை, பதில் வேண்டும் என்றுதான் கேட்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, வாய்க்கு ஒரு குறையும் இல்லை. எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை, உட்கார்ந்தால் எழத் தோன்றுகிறது, எழுந்தால் எதற்கு எழுந்தேன் என்று மறந்துபோகிறது.

பரிசோதனை முடிவைப் பற்றிக் கேட்டதற்கு, "ஒண்ணுமில்லப்பா, சின்னக் கட்டி, மாத்திரையிலயே கரைஞ்சிடும்" என்றாய். உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன அண்ணனைத் தனியாகக் கேட்டேன், அவனும் ஒரு சொல் பிசகாமல் அதையே சொன்னான். அவன் என்றைக்கு உனக்கு ஒத்து ஊதியிருக்கிறான்? பரீட்சை ஹாலில் காவல் நின்றே தலை நரைத்தவன் நான். இரண்டு பிள்ளைகளின் விடைத்தாள் ஒன்றுபோல இருந்தால் தனித்தனியே கூப்பிட்டு அவர்கள் எதிர்பாராத கேள்வியைக் கேட்பேன். உங்களையும் கேட்டேன், மாத்திரை போதும் என்று சொன்ன டாக்டர் ஆணா பெண்ணா என்று. நீ பெண் என்றாய், அவன் ஆண் என்றான். பதில் ஒத்துப்போகவில்லையே என்று அவனை மடக்கியதும், அப்படி ஒரு டாக்டரே இல்லை, உனக்கு அடுத்த மாதம் ஆபரேஷன் என்று சொல்லி அழுதுவிட்டான். அவனைத் திட்டாதே.

உன் இயற்பியல் ஆராய்ச்சி இப்போதுதான் என் மண்டையில் ஏறுகிறது. எங்கோ தள்ளித் தள்ளி இருக்கும் இரண்டு துகள்கள், என்ன கேட்டாலும் ஒத்துப்போகின்றன என்றாய். முன்பே பேசி வைத்திருக்கும், இல்லாவிட்டால் துண்டுச்சீட்டு போயிருக்கும் என்று நான் அடித்துப் பேசினேன். நீ சிரித்தாய். "ரெண்டும் இல்லப்பா. அந்தத் துகள் இல்லாம ரெண்டு பேர் அதே மாதிரி நடிச்சுக் காட்டணும்னா அவங்களுக்குள்ள எவ்வளவு சேதி போகணும்னு அளக்கறதுதான் என் வேலை. சில சமயம் ஆமா, இல்லைன்னு ஒரே ஒரு பதில் போதும்" என்றாய். நீயும் அண்ணனும் துகள்கள் இல்லையம்மா. அந்த ஒரு பதிலைச் சொல்லிக்கொள்ள மறந்துவிட்டீர்கள்.

கோபம் இல்லை, பயமாக இருக்கிறது. அம்மா தாங்கமாட்டாள் என்று மாத்திரைக் கதையையே அவளிடம் சொல்லியிருக்கிறேன். குடைந்து கேட்பதில் அவள் எனக்கே வாத்தியார். போனில் பேசலாம் என்றால் இப்போதெல்லாம் பக்கத்திலேயே நிற்கிறாள். ஆகவே ஒரே ஒரு பதில் எழுது, டாக்டர் ஆணா, பெண்ணா? நாம் மூவரும் ஒன்றுபோலச் சொல்ல வேண்டும்.

வேளைக்குச் சாப்பிடு. ஒரு குறையும் இல்லாமல் எழுந்து நடமாடுவாய், என் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு.

அன்புடன்,
அப்பா

வாண்டு, ஒட்டித் தபாலில் போடச் சொல்லி உன் அப்பா இதை என்னிடமே கொடுத்தார். ஆணோ பெண்ணோ, டாக்டரை நானே வந்து பார்த்துக்கொள்கிறேன். இரண்டு பேரும் கிளம்பி வருகிறோம். அவருக்கு இன்னும் தெரியாது.
அம்மா