சாய்கிற பக்கத்தில் ஒரு பைப்

மதினி,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக டிரெய்லர் சக்கரங்களுக்குக் கிரீஸ் வைத்தேன். காப்பிகூடக் குடிக்கவில்லை. உப்புத் தண்ணீரில் இறங்கிய சக்கரத்தை அப்படியே விட்டால் பேரிங் போய்விடும் என்பது உங்கள் சட்டம். விரலில் அந்த வாசனை ஏறியதும் நீங்கள் பக்கத்தில் நிற்பதுபோல இருந்தது. உங்கள் சேலையில் எப்போதும் இருந்த வாசனை.

அண்ணன் சவுதியில் இருந்த வருடங்களில், உழவுக்கென்று வாங்கிய டிராக்டரை நீங்கள்தான் ஓட்டினீர்கள். உழவு இல்லாத நாட்களில் அதில் டிரெய்லரை மாட்டி, மணமேல்குடிக் கரையில் பழுதான பைபர் படகுகளை ஏற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோவோம். நீங்கள் டிரெய்லரைப் பின்னால் தள்ளிக் கடலில் இறக்குவீர்கள். நான் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று படகின் மூக்கைப் பிடித்து இழுத்து வருவேன். காற்றில்லாத நாளில் அது விளையாட்டு மாதிரி. தெற்கேயிருந்து சோழகக் காற்று எழுந்துவிட்டால் படகு சொன்ன பேச்சு கேட்காது. மூக்கு டிரெய்லரில் ஏறியிருக்கும், பின்பக்கம் வடக்கே ஒதுங்கி இரும்புச் சட்டத்திலிருந்து வழுக்கிவிடும். அப்படி ஒருநாள் ஒரு படகின் விலாவில் கீறல் விழுந்தது.

"பொம்பளையள நம்பி போட்டைக் குடுத்தேன் பாரு, என்னையச் சொல்லணும்!" என்று படகுக்காரர் கரை முழுக்கக் கேட்கும்படி கத்தினார். அதன்பின் யாரும் நம்மைக் கூப்பிடவில்லை.

நீங்கள் அழவில்லை. டிரெய்லரோடு அறந்தாங்கி வெல்டிங் பட்டறைக்குப் போனோம். காற்று வருகிற பக்கம் உயரமாக ஒரு பைப்பை நிறுத்தி, படகை அதில் கயிறு போட்டுப் பிடிக்கலாம் என்று நான் சொன்னேன்.

"ஏய் பிசிக்ஸு," என்றீர்கள். நான் பட்டம் வாங்கிய பாடத்தையே எனக்குப் பெயராக வைத்தவர் நீங்கள். "ஒங்கண்ணன் லீவுல வந்து குடிச்சிட்டு நிப்பாருல்ல, எந்தப் பக்கம் நின்னு புடிப்பே? சாயுற பக்கந்தானே?"

வெல்டிங்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே யோசனையும் வந்தது. வாடைக் காலத்தில் காற்று வடக்கேயிருந்து வரும், படகு தெற்கே சாயும். அப்போது என்ன செய்வது? பைப்பைச் சட்டத்தோடு ஒட்டவைக்காமல், இரண்டு பக்கமும் குழல் வைத்து, எந்தப் பக்கம் வேண்டுமோ அதில் செருகி ஆணி போட்டுக்கொள்ளலாம் என்றேன். படகு உரசாமல் வழுக்கி ஏற, பைப்பின் மேல் தளர்வாகச் சுற்றுகிற பிளாஸ்டிக் குழாய் ஒன்றையும் மாட்டச் சொன்னேன்.

"அட! காலேஜுக்கு அனுப்புனது வீண் போகல," என்று என் முதுகில் அடித்தீர்கள். கிரீஸ் கை. அந்தச் சட்டையில் கறை இன்னும் இருக்கிறது.

கூலி வேண்டாம் என்று சொல்லி ஒருவரின் படகை ஏற்ற மறுபடி கரைக்குப் போனபோது சோழகம் வீசிக்கொண்டிருந்தது. "காத்து தெக்கயிருந்து வருது, இவளுக வடக்க வேலி போட்டுருக்காளுக!" என்று அவரே சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

"வேலி இல்லண்ணே, தலகாணி. ஒங்க போட்டு எப்புடிச் சாஞ்சு படுக்குதுன்னு பாருங்க," என்றீர்கள் நீங்கள்.

படகு ஒதுங்கியது, பைப்பில் சாய்ந்தது. குழாய் உருண்டது. படகு நேராக ஏறி உட்கார்ந்தது. அதுவரை படகைத் தள்ளிவிட்ட காற்றே அன்று பிடித்துக்கொண்டு நின்றது. கத்திய படகுக்காரர் அடுத்த முறை தானே வந்து கூப்பிட்டார். நீங்கள் டிராக்டரிலிருந்து இறங்காமலேயே, "வாரேன், வாரேன், டீ குடிச்சிட்டு வாரேன்," என்று சொன்ன தோரணையை நான் மறக்கவே மாட்டேன்.

நீங்கள் கண்ணை மூடியபின் அண்ணன் சவுதி வேலையை விட்டு ஊருக்கே வந்துவிட்டார். வருகிற ஞாயிற்றுக்கிழமை டிராக்டரையும் டிரெய்லரையும் விலைக்குக் கேட்டு ஆட்கள் வருகிறார்கள். "இதை வச்சு என்ன பண்றது? அந்த ரிவர்ஸ் எனக்கு வராது. இங்கிட்டு வேற யாரு ஓட்டுறது?" என்றார். சொல்லும்போது டிராக்டர் சீட்டை அவர் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை என்று எனக்குத் தெரியும்.

நேற்று வாடையில் ஒரு படகு ஏற்ற வேண்டியிருந்தது. கூலிக்கு ஓட்டுநர் வைத்துப் போனேன். பைப்பை உருவித் தெற்குப் பக்கம் செருகினேன். படகு முரண்டு பிடிக்காமல் ஏறியது. "யாரு செஞ்ச வேலை இது?" என்று அந்த ஓட்டுநர் கேட்டார்.

"எங்க மதினியும் நானும்," என்றேன். குரல் தேவைக்கு மேல் சத்தமாகத்தான் வந்தது.

அந்தச் சத்தம் நீங்கள் கொடுத்தது. அதை எங்கும் விட்டுவிட மாட்டேன்.

ஒரு மாதமாக நம் தரிசில் டிரெய்லரை மாட்டி ரிவர்ஸ் பழகுகிறேன். ஏதோ எரு அடிக்கிற வேலை என்று அண்ணன் நினைக்கிறார். முதலில் வேலி வேலியாகப் போய் முட்டினேன். இப்போது கோடு கிழித்தமாதிரி நேராகப் போகிறது. ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் வரும்போது வண்டி கொட்டகையில் இருக்காது, மதினி. அதைக் கடலுக்குள் தள்ளிக்கொண்டிருப்பேன், சீட்டில் நான். அண்ணன் தேடிக்கொண்டு வருவார். வரட்டும். தண்ணீரில் இறங்கிப் படகின் மூக்கைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும்.